குப்பைச் சரிவில் முளைத்த ஹொலிஹொக்

கண்டாக்கு ஐயா, எங்கள் லயத்து வீடுகளின் வாசலில் நின்ற ஹொலிஹொக் பூச்செடிகளைப் பிடுங்கச் சொன்னது நீங்கள். பிறகு, சொல்லவே இல்லை என்று பொய் சொன்னதும் நீங்கள்.

அந்தச் செடி வந்த கதை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மேற்பார்வை உத்தியோகத்தில் வருமுன் நடந்தது அது. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரே மலையில் கொழுந்து எடுத்த காலம். துரை பங்களாப் பாத்தியில் அடுக்கு இதழ் ஹொலிஹொக் இருந்தது. நாங்கள் எடுத்தது அது இல்லை. பங்களாவுக்குப் பின்னால், குப்பை கொட்டும் சரிவில் தானாக முளைத்த காட்டு இனம். ஐந்தே இதழ், வெளிர் ரோஸ், நடுவில் மஞ்சள். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். காய்ந்த காய்களைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு வந்தோம்.

முதல் முறை போஞ்சி விதை போல ஆழமாகப் புதைத்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை வந்த கன்றுகளை வரிசை அழகுக்காகப் பிடுங்கி மாற்றி நட்டேன். எல்லாம் செத்தன. கரட் கிழங்கு மாதிரி வேர் நேராக இறங்கும் செடி அது, இடம் மாற்றினால் தாங்காது. மூன்றாம் முறைதான் புத்தி வந்தது. தண்ணீர் நிற்காத, வெயில் படும் சுவர் ஓரமாக மண்ணைக் கொத்தி, விதையைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடினேன். நெருங்கி வந்தவற்றைக் களைந்து, முழத்துக்கு ஒன்று விட்டேன்.

அந்த வருடம் பூவே இல்லை. சொரசொரத்த அகல இலைதான். பக்கத்து வீட்டுக்காரி தினமும் எட்டிப் பார்ப்பாள்.

“ஏ புள்ள, பூவு பூவுன்னு சொல்லிட்டு கீரைல்ல வளத்து வச்சிருக்க. பருப்பு போட்டுக் கடைஞ்சிருவமா?”

மறு வருடம் தண்டு எழும்பிக் கூரைத் தகரத்தைத் தொட்டது. கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போனது. காற்றுக்குச் சாயாமல் இருக்க, தேயிலையில் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சிகளைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாள் அவள். அடியிலைகளில் துருப்புள்ளி விழுந்தால் கிள்ளி அடுப்பில் போடுவதும் அவள் வேலை. விதை சேர்ப்பது என் வேலை. மலைத் தண்ணீர் விழும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் குடத்தோடு நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எத்தனையோ வருடம் அப்படிப் போனது. இப்போது நினைத்தால், அவளோடு நான் பேசிய பேச்சில் பாதி அந்தச் செடியடியில் பேசியதுதான்.

போன வருட மழையில் எல்லாம் அழுகின. இந்த வருடம்தான் மறுபடி விதைத்தோம். அதனால்தான் இலை மட்டும் இருந்தது.

போன மாதம் வெளிநாட்டு ஆட்கள் தோட்டம் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின நாள் லயத்து வாசலைத் துப்புரவாக்கப் பெண்களை அனுப்பினீர்கள். பக்கத்து வீட்டுக்காரியும் அதில் இருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சுவர் ஓரம் வெறும் மண். ஒப்பீசில் வந்து கேட்டேன். “நா ஒண்ணும் சொல்லல. அவதான் களைன்னு நெனச்சுப் புடுங்கிட்டா” என்றீர்கள்.

நான் நம்பினேன். அது என் தப்பு. பீலிக்கரையில் எல்லாப் பெண்களும் பார்க்க அவளைத் திட்டினேன். அவள் குடம் நிறையுமுன் தூக்கிக்கொண்டு போனாள். பதினொரு நாள் நாங்கள் பேசவில்லை. அன்று அவளோடு வேலை செய்த இன்னொருத்திதான் நடந்ததைச் சொன்னாள். “இது அடுத்த வருசம் பூக்கும் ஐயா, விட்ருங்க” என்று அவள் கேட்டிருக்கிறாள். “பூக்காத செடி களைதான், புடுங்கு” என்று அவளையே பிடுங்க வைத்திருக்கிறீர்கள்.

அதே பீலிக்கரையில், அதே பெண்களுக்கு முன்னால், தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தாள். மறுநாள் காலை ஒரு பால்மா டின்னை வாசலில் வைத்தாள். பாதி டின் விதை, எனக்குத் தெரியாமல் அவள் சேர்த்து வைத்தது.

“ஆழமாப் போட்றாத” என்றாள். அவ்வளவுதான்.

விதைத்துவிட்டோம். பூக்க அடுத்த வருடம் ஆகும். ஆனால் அவள் கவனமில்லாத வேலைக்காரி என்ற பேச்சு இன்னும் மலையில் ஓடுகிறது. நீங்கள் கிளப்பிய பேச்சு. என் பங்கை நான் பீலிக்கரையில் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கை, காலையில் எல்லோருக்கும் வேலை பிரிக்கும் அந்தப் பெரட்டுக்களத்தில், அவளும் நிற்கும்போது, சத்தமாகச் சொல்லுங்கள்: பிடுங்கச் சொன்னது யார்?