விரல் நின்ற இடம்

ஓய்வெடுக்க வந்த தென்னேரிக்கரை விடுதியில் குப்புறப் படுத்திருக்கிறேன். முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும் சுமதியின் விரல்கள் வலது தோளுக்குக் கீழே சட்டென நிற்கின்றன.

“இங்க வலிக்குதாம்மா? எப்பவோ விழுந்திருக்கீங்க.”

வியந்துபோய்த் திரும்பிப் பார்க்கிறேன். கண்ணை மூடியிருக்கிறார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் அந்த இடத்தில் எதையோ முறுக்குகின்றன. தன் விரல்கள் செய்வது தெரிந்ததும் சிரித்துவிடுகிறார்.

“பழக்கம்மா. காலையில தறி வீட்டுல பாவு பிணைச்சிட்டுத்தான் இங்க வர்றேன். தறியில இருக்குற பழைய பாவு நூலோட புதுசை ஒவ்வொரு இழையா முறுக்கிச் சேர்க்கணும். அறுந்ததைக் கண்ணு விட்டுடும், விரல் விடாது.”

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஆறு வருடமாகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை என்று மூன்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அதை அவரிடம் சொல்கிறேன்.

சுமதி மறுபடி கண்ணை மூடுகிறார். விரல்கள் அதே இடத்துக்கு வருகின்றன.

“வலி இருக்குதும்மா. இங்கயேதான் இருக்குது.”