பட்டைத் தண்ணீரில் ஊறிய கை

யாராவது திடீரென்று அக்கறையாக நலம் விசாரித்தால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான் வரும். எல்லாம் எங்கள் தோல் ஷாப்பின் சின்ன முதலாளியால் வந்தது.

ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் அந்த ஷாப்பில் நானும் என் கூட்டாளியும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தோம். தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, புரட்டி, முடி கழன்றதும் எடுக்கிற வேலை. அவன் செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தான். நான் ஊருக்குள் ஒரு பாய் வீட்டுப் பிள்ளை. உறவுமில்லை ஒன்றுமில்லை, ஆனாலும் நான் அவனுக்கு மாமா, அவன் எனக்கு மாப்பிள்ளை.

மெட்ராஸில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி, தோலை உள்ளே போட்டால் கரண்டில் சுற்றுகிற பெரிய மர டிரம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பல பேர் வேலையை அது ஒன்றே பார்த்துவிடும் என்று பேச்சு. அதோடு விட்டாரா? தினமும் டீ நேரத்தில் ஒருவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, "மெஷின் வருதுன்னு மனசுல பயம் இருக்கா? வீட்டுல எப்படி? உடம்பு எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தார். சொன்னதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டார். அடேயப்பா! ஏன்டா இருமுகிறாய் என்றுகூட ஒருவனைக் கேட்டறியாத இடம் அது. எங்களுக்குப் புரிந்துபோயிற்று. சீக்காளிகளைக் குறித்துவைக்கிறார், டிரம் சுற்றத் தொடங்கியதும் சீட்டைக் கிழித்துவிடுவார். போனவர்கள் எல்லாரும் "நல்லாருக்கேன் மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் திரும்பினார்கள்.

மாப்பிள்ளைக்குத்தான் ரொம்பப் பயம். சுண்ணாம்பு தின்று அவன் விரலிடுக்கெல்லாம் புண்.

"இந்தக் கையப் பாத்தா வெளிய அனுப்பிருவாக மாமா. குத்தகைக் காட்டையும் விட்டுப்புட்டேன். ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போவேன்?"

நான்தான் யோசனை சொன்னேன். ஆவாரம் பட்டை ஊறும் தொட்டியில் கையை வைத்தால் புண் வற்றும், தோல் இறுகும். தோல் வேலைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. எரிச்சலில் உயிர் போகும். மூன்று நாள், வேலை முடிந்ததும் அவன் கையை நானே பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நாலாம் நாள் கை காய்ந்து, பழுப்பேறி, எண்ணெய் தடவியதும் ஜோராகிவிட்டது. அன்றைக்கு அவன் முறை, சின்ன முதலாளியிடம் போய்க் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் என் முறை. என் கையிலும் புண் உண்டு, அவன் அளவுக்கு இல்லை. நான் அதை ஊறவைக்கவில்லை. எரிச்சலுக்குப் பயம், ஒத்துக்கொள்கிறேன். அவர் அந்தக் கேள்விகளை ஆரம்பித்ததுமே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையை மேசைமேல் வைத்தேன்.

"நல்லாப் பாருங்க! உங்க சுண்ணாம்பு தின்ன கை. பயமாத்தான் இருக்கு, தூக்கமில்ல. எழுதிக்கிட்டு இன்னைக்கே அனுப்பிருங்க!"

"இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் பாய் உள்ளதச் சொல்றீங்க" என்றார். அதுவும் எனக்குத் தந்திரமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் யார் யாருக்கு என்ன வேலை என்று அவரே வந்து சொன்னார். யாரையும் அனுப்பவில்லை. டிரம்மில் கை நனையாத வேலை ஒன்றே ஒன்று இருந்தது. கை கெட்டவருக்கென்று அதை ஒதுக்கியிருந்தார். அது எனக்கு. மாப்பிள்ளையிடம், "உங்க கைதான் திடமா இருக்கு. குழியை நீங்களே பாத்துக்கங்க" என்றார்.

அது அவனுக்கு வரவேண்டிய இடம். அறைக்கு ஓடி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, அந்த இடத்தை அவனுக்குக் கொடுக்கச் சொன்னேன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். மாப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"புண்ணெல்லாம் ஒண்ணுமில்ல மொதலாளி. இவரு சும்மா சொல்றாரு."

வெளியே வந்ததும் கையைப் பிடித்தேன். உதறினான்.

"எம்புண்ண மூடச் சொல்லிட்டு, உம்புண்ணக் காட்டி எடத்தப் பிடிச்சிட்ட. இப்ப என்னைய வேலைய விட்டே தூக்கப் பாக்குறியா?"

அல்லா மேல் ஆணையாக இல்லை என்றேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கிவிட்டான்.