சுவர் மூலையை அண்ணாந்து பார்த்த பிள்ளை

1. பீரோவும் பிள்ளையும்

முதன்முதலாக மாலை வேலைக்குப் போன அன்று, அந்த வீட்டம்மா என்னை ஹாலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் பீரோவைப் பூட்டினார். பூட்டியதை நான் கவனித்தேனா என்றும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பட்டுச்சேலை எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது. அவர் பெற்ற இரண்டு பிள்ளைகளும் வெளியே என்னிடம் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்பக்கத்து இரண்டு அறைகளில் டே கேர் நடத்துகிறேன். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போய் சாயங்காலம் கூட்டிப்போவார்கள். கொரோனாவுக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை என்று உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்துபோனார்கள். அப்போதுதான் சில தாய்மார்கள் கேட்டார்கள்: "அக்கா, கல்யாண ரிசப்ஷனுக்குப் போகணும். ஏசி மண்டபத்துல பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும். ரெண்டு மணி நேரம் எங்க வீட்டுல வந்து இருங்களேன்." வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் அப்போது இல்லை. மாலை வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

இப்போது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம் வந்து, "மாலை வேலைக்குப் போகலாமா அக்கா?" என்று கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

2. 'வாங்கிட்டேன்'

டே கேரில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் தாயோ தகப்பனோ பிள்ளையின் கையைப் பிடித்து என் கையில் வைக்க வேண்டும். நான் "வாங்கிட்டேன்" என்று சத்தமாகச் சொல்வேன். சாயங்காலம் நான் பிள்ளையின் கையை அவர்கள் கையில் வைப்பேன். அவர்கள் "வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கையை விட மாட்டேன்.

"என்னக்கா, ரேஷன் கடையில சாமான் வாங்குத மாதிரி" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். ஆரம்ப காலத்தில் ஒரு பிள்ளையை அப்பா பிடித்திருக்கிறார் என்று அம்மாவும், அம்மா பிடித்திருக்கிறாள் என்று அப்பாவும் நினைத்துச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, பிள்ளை கேட்டைத் திறந்து ரோட்டுக்குப் போய் நின்றது. பஸ் போகிற ரோடு. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த வழக்கம். என்னை ஜாய்ஸ் அத்தை என்று கூப்பிடும் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. பெரியவர்கள் சொல்ல மறந்தால் அதுகளே ஞாபகப்படுத்தும்.

மாலை வேலைக்குப் போன வீடுகளிலும் இதையே வைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. என் வீட்டில் கதவு என்னுடையது. அடுத்த வீட்டில் கதவு அடுத்தவருடையது.

மற்றபடி அந்த வேலையில் வேடிக்கையும் உண்டு. என்னிடம் பாகற்காயைக் கூட முழுங்குகிற பயல், அவன் வீட்டில் தோசையை மின்விசிறி மேல் எறிந்தான். டே கேரில் வாயே திறக்காத பெண்பிள்ளை அவள் வீட்டில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து அதிகாரம் பண்ணினாள். பிள்ளையைப் பகலில் எத்தனை வருஷம் பார்த்தாலும், அதன் வீட்டில் வைத்துப் பார்க்காத வரை பாதிதான் தெரியும். இது ஹரிணி விஷயத்தில் எனக்கு நன்றாகவே உறைத்தது.

3. பல்லி இல்லை

ஹரிணிக்கு நாலு வயது. காலையில் எல்.கே.ஜி., மத்தியானத்துக்கு மேல் என்னிடம். அம்மா இசக்கி ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறாள். அப்பா செந்தில் வளைகுடா நாட்டில் சூப்பர்வைசர். பெருமாள்புரத்தில் செந்திலின் அப்பா கட்டிய வீட்டில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

பிள்ளை தங்கமான பிள்ளை. ஒரே ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பிஸ்கட்டை எடுக்கும் முன் சுவர் மூலையை அண்ணாந்து பார்ப்பாள். கீழே விழுந்தால் அழும் முன் ஒரு தடவை அங்கே பார்ப்பாள். பிறகு அழ மாட்டாள். பல்லியைக் கண்டு பயப்படுகிறாள் என்று நினைத்து, வாரியலை எடுத்து மூலை முடுக்கெல்லாம் தட்டி வைத்தேன். அப்படியும் பார்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை இசக்கி, "அக்கா, சாயங்காலம் கொஞ்சம் வெளிய போகணும். வீட்டுக்கு வாரியளா?" என்று கேட்டாள். போனேன். கையைப் பிடித்துக் கொடுத்தாள். "வாங்கிட்டேன்" என்றேன். அவள் தலை மறைந்ததும், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்க ஹாலில் கிடந்த நாற்காலியை இழுத்தேன்.

"சேர அந்தப் பக்கம் நகத்தாதீங்க. பிள்ளை தெரிய மாட்டேங்கு."

ஆள் இல்லாத ஹாலில் ஆண் குரல். நாற்காலியை விட்டுவிட்டேன். அண்ணாந்து பார்த்தேன். சுவர் மூலையில் ஒரு கேமரா இருந்தது.

"யாரு, டே கேர் அக்காவா? நான் செந்தில் பேசுதேன். பயப்படாதீங்க. ஹரிணி, பிஸ்கட் ரெண்டு போதும்."

பிள்ளை கையிலிருந்த மூன்றாவது பிஸ்கட்டை டப்பாவில் திருப்பி வைத்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. சற்று நேரம் கழித்து என் சேலை முந்தியைப் பிடித்து பாத்ரூமுக்கு இழுத்தாள். அவசரம் போல என்று கூடப் போனேன். கதவைச் சாத்தி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி பொம்மையை எடுத்து விளையாட ஆரம்பித்தாள். சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்த இடம் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் இசக்கி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"பைய பேசுங்கக்கா. அதுல மைக்கும் இருக்கு. அவிய அங்கன இருந்துக்கிட்டு இங்கன எங்களைய ஆட்டி வைக்காவ. குளிச்சிட்டு வர ஏன் இவ்வளவு நேரம்னு கேக்காவ. ஆபீஸுல இருந்து வர லேட்டானா யாரு கூடப் பேசிட்டு வாரன்னு கேக்காவ. கேமராவ அவுத்தா அவிய அண்ணன் கார எடுத்துட்டு வந்துருதாரு. என்னால முடியலக்கா. ஒரு வக்கீலம்மாவ பாத்துட்டு இருக்கேன். பிள்ளையத் தூக்கிட்டு ஆழ்வார்குறிச்சிக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

"அப்ப இன்னைக்கே போயிரேன் ளா. என்னத்துக்குக் காத்துக்கிட்டு இருக்க?"

"முதல்ல கோர்ட்டுல பேப்பர் போடணுமாம். சும்மா தூக்கிட்டுப் போனா, பிள்ளைய கடத்திட்டான்னு எம்மேலயே புகார் குடுத்துருவாவளாம். இன்னும் ஒரே வாரம்க்கா. அவிய ஆளுக கையில மட்டும் பிள்ளை போயிறக் கூடாது. போனா எனக்குத் திரும்பக் கிடைக்காது."

இசக்கி எங்கே போகிறாள் என்று ஒரு நாள் கேமரா என்னிடம் கேட்டது. "எங்கிட்டச் சொல்லல தம்பி" என்றேன். கூசாமல் பொய் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

4. கீழ்த் தாழ்ப்பாள்

அந்த ஒரு வாரம் முடியவில்லை. இசக்கி அன்று வக்கீல் வீட்டுக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் கார் வந்து நின்றது. நான் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். மழைக்கு ஊதிப்போன கதவு. மேல் தாழ்ப்பாள் விழவே இல்லை. கீழ்த் தாழ்ப்பாள் மட்டும்தான் விழுந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

வெளியே சாவி போட்டுப் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது.

"யம்மா, கதவத் தொற. நான் செந்திலுக்கு அண்ணன். திசையன்விளையில இருந்து வாரேன்."

"இசக்கி வந்துரட்டும் அண்ணாச்சி. பிள்ளைய அவகிட்டதான் வாங்கினேன்."

"அவ நேத்து கோர்ட்டு வாசல்ல நின்னத நம்ம ஆளு பாத்துட்டான். இனி அவ வந்து என்ன, வராட்டா என்ன? நீ கூலிக்கு வந்தவ. உனக்கு ஏன் இந்த வம்பு?"

பின்னால் மூலையிலிருந்து குரல் வந்தது. "அக்கா, அது எங்க அப்பா பேர்ல உள்ள வீடு. எங்க அண்ணன் வெளிய நிக்கான். தடுக்க நீங்க யாரு?"

"பிள்ளையப் பாக்க வந்தவ தம்பி. அவ வரட்டும்."

இசக்கிக்குப் போன் போட வேண்டும். ஒரு கையால் முடியாமல் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. வக்கீல் முன்னால் உட்கார்ந்திருந்ததால் சத்தத்தை அணைத்து வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

"ஹரிணி. அப்பா சொல்லுதேன். போய்க் கதவத் தொற."

பிள்ளை மூலையை அண்ணாந்து பார்த்தாள். நேராகக் கதவுக்குப் போனாள். கீழ்த் தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டும். நான் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடுவதற்குள் இழுத்துவிட்டாள். அந்தக் குரல் சொல்லி அவள் செய்யாமல் இருந்தது ஒரு நாளும் இல்லை. நான் கதவைத் திருப்பித் தள்ளலாம் என்று கை வைத்தேன். அவள் விரல்கள் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்தன. தள்ளினால் நசுங்கிவிடும். கையை எடுத்துவிட்டேன்.

அண்ணன்காரரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். அடிக்கவில்லை, வையவில்லை. அந்த அம்மா பிள்ளையின் துணிகளை ஒரு கட்டைப்பைக்குள் எடுத்துப் போட்டார். "ஆச்சியப் பாக்கப் போறோம் தாயி" என்று பிள்ளையிடம் அன்பாகத்தான் சொன்னார். நான் ஹரிணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன்காரர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

ஹரிணி நகரவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பெரியப்பா, வாங்கிட்டேன்னு சொல்லுங்க."

"என்னது?"

"சொன்னாத்தான் ஜாய்ஸ் அத்தை விடுவாவ."

"சரி, வாங்கிட்டேன். வா" என்று சொல்லி அவர் வாசலைப் பார்த்து நடந்தார். பிள்ளை கூடவே போனாள். அழவில்லை. ஹாலில் அழக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

5. இசக்கி வந்தாள்

கார் போய்க் கொஞ்ச நேரத்தில் இசக்கி ஆட்டோவில் வந்து இறங்கினாள். நிலையைத் தாண்டியதும் பழக்கத்தில் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் என் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

"பிள்ளை பத்திரமா இருக்கா. நீ உன் வக்கீல் வீட்டுலயே இருந்துக்க" என்றது மூலை. இசக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கேமராவைப் பிய்த்துத் தரையில் அடித்தாள். அந்த வீட்டில் அவள் சத்தம் போட்டு அழுததை அன்றுதான் கேட்டேன்.

அப்படியே ஸ்டேஷனுக்குப் போனோம். "பிள்ளை தொலையலையேம்மா. தகப்பன் வீட்டுலதான இருக்கு. கோர்ட்டுல பாத்துக்கோங்க" என்றார்கள். கோர்ட்டில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நானும் கூண்டேறிச் சொன்னேன். "அந்த வீட்டுல பிள்ளைய யாராவது அடிச்சத நீங்க பாத்தீங்களா?" என்று எதிர் வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. பாத்ரூம் வாளி மேல் உட்கார்ந்து ஒரு பிள்ளை சிரித்ததைச் சொல்லத் தொடங்கினேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள்.

இசக்கிக்கு இப்போது கோர்ட்டில் ஒரு அறையில் வைத்து எப்போதாவது மகளைக் காட்டுகிறார்கள். முதல் தடவை ஹரிணி உள்ளே வந்ததும் தாயைப் பார்க்கவில்லையாம். அறையின் நாலு மூலையையும் அண்ணாந்து பார்த்தாளாம். அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மடியில் ஏறினாளாம்.

6. கேட்டவர்களுக்கு

மாலை வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போக வேண்டிய நிலைமை எனக்குப் புரிகிறது. போனால், பிள்ளையை வாங்கும் முன் நீங்களும் அந்த வீட்டில் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். வாசல் சாவி இன்னும் யார் யாரிடம் இருக்கிறது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பிள்ளை அந்த வீட்டில் எங்கே போய் ஒளிகிறது என்று பாருங்கள். அடுத்தவர் வீட்டில் நீங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், காக்க முடியாது. கதவு யாருடையதோ பிள்ளையும் அவருடையது என்றுதான் எல்லோரும் பேசுவார்கள், நீங்கள் கூலிக்கு வந்தவள் ஆகிவிடுவீர்கள். நான் இப்போது எந்த வீட்டுக்கும் போவதில்லை. ரிசப்ஷன் ஆனாலும் ஜெபக்கூட்டம் ஆனாலும் பிள்ளையை என் வீட்டில் கொண்டுவந்து விடச் சொல்கிறேன்.

இசக்கி பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வேலை முடிந்ததும் என்னிடம் வந்துவிடுவாள். பிள்ளைகளுக்குத் தலை சீவுவாள், பால் ஆற்றிக் கொடுப்பாள். பெற்றோர் வருகிற நேரமானால் மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். முன்னறையில் ஒவ்வொருவராக "வாங்கிட்டேன்" என்று சொல்லத் தொடங்கும்போது, உள்ளே அவள் குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இருக்காது.