காற்று ஊசி

நாஸில் டெஸ்டரைத் தோளில் சுமந்து நடந்தவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். இரும்புப் பம்பும் கைப்பிடியும் மீட்டரும் சேர்ந்த அந்தச் சாமானை ஒரு சாக்குப்பையில் போட்டுக்கொண்டு, கும்மிடிப்பூண்டிப் பட்டறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பழவேற்காட்டுக்குப் போனேன். எழுபதுகளின் தொடக்கம். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, கடம்பத்தூரில் நெல் மில், செவ்வாப்பேட்டையில் செங்கல் சூளை, பிறகு லாரி என்று சுற்றிவிட்டு, முப்பது வயதில் டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் வேலையில் வந்து நின்றிருந்தேன். ஒரு ஆள் தூக்குவது ஒரு பைதான். எதை எடுப்பது, எதை விடுவது என்று கிளம்புமுன் வெகுநேரம் யோசித்தேன். டீசல் சரியாகப் பீச்சுகிறதா என்று பார்க்க நாஸில் டெஸ்டர், சிலிண்டரின் அழுத்தம் பார்க்க ஒரு மீட்டர், இடைவெளி அளக்கும் தகடுகள். எந்த நோயாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் சிக்கிவிடும் என்று நம்பினேன்.

ஏரிக்கு அக்கரையில் இருந்த ஒரு குப்பத்தில், படகுக்கார அக்கா எனக்காகக் காத்திருந்தார். புருஷன் போன வருஷம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன எஞ்சின் படகைக் கொழுந்தன் ஓட்டினான். கூட மூன்று ஆட்கள். அந்த எஞ்சின் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு நின்றுவிடும். கொழுந்தன் டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பான், இருக்கும். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடும். முந்தின வாரம் அது முகத்துவாரத்து அலைக்கு நடுவில் நின்றுவிட்டது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்ததில் விழுந்து ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. இன்று பழுது தெரியாவிட்டால் வேறு படகுக்குப் போய்விடுவோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். ஆள் போனால் அந்தப் படகு மணலில்தான் கிடக்கும்.

"எப்பத்திலேர்ந்து?" என்று கேட்டேன்.

"ஆயுத பூஜ போட்ட மூணாம் நாள்லேர்ந்து பேஜாருதான் நைனா," என்றான் கொழுந்தன். "எவன் கண்ணு பட்டுச்சோ."

கண்பட்டதை அளக்க என் பையில் கருவி இல்லை. நாஸிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டினேன். புகை போலப் பீச்சியது. அழுத்தம் பார்த்தேன், புது எஞ்சின் மாதிரி இருந்தது. தகடுகளும் குறை சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் டேங்க் மூடியை எத்தனை முறை திறந்து மூடினேன் என்று கணக்கில்லை. எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போக வேண்டியதுதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஆட்கள் அப்போதே கிளம்பிவிடுவார்கள்.

அதுவரை வாய் திறக்காமல் மணலில் நின்றிருந்த அக்கா கேட்டார்: "தம்பி, வாயால சோறு எறங்காதவனுக்கு பாட்டில்ல ஏத்துறாங்க இல்ல? இதுக்கும் அப்டி ஏத்திப் பாத்தா? தேறிடுச்சின்னா கோளாறு வாயிலதான, வயித்துல இல்லையே?"

 டேங்கை ஒதுக்கிவிட்டு எஞ்சினுக்கு நேராக டீசல் கொடுப்பது! என் புத்திக்கு எட்டாத சோதனை அது. அக்கா வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த குளுகோஸ் பாட்டிலையும் ரப்பர் குழாயையும் எடுத்து வந்தார். டீசல் ஊற்றி, ரப்பர் மூடியை அழுத்தி, கம்பத்தில் தலைகீழாகக் கட்டினோம். கொஞ்சம் சொட்டியது, நின்றுவிட்டது. குழாயில் அடைப்பு என்று திட்டிக்கொண்டே ஊதிப் பார்த்தேன்.

"கொழா மேல இன்னாத்துக்குக் கோவம்? காத்து ஊசி குத்தலியே நீ," என்றார் அக்கா. "நர்ஸம்மா பாட்டில மாட்டுனதும் மூடியில இன்னொரு ஊசி குத்துவாங்க. காத்து உள்ள போனாதான் மருந்து எறங்கும்."

சொல்லிவிட்டு அவர் டேங்கைப் பார்த்தார்.

"அப்ப இந்த டேங்குக்கு ஊசி எங்க குத்தியிருக்கு?"

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ எஞ்சினியர்களோடு நின்றிருக்கிறேன். இப்போது ஒயரைச் செருகினால் கோளாறைத் திரையில் எழுதிக் காட்டும் பெட்டிகூட வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்த மாதிரி இன்னொரு முறை சிலிர்த்ததில்லை. டேங்குக்கும் அந்த ஊசி உண்டு. மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் மேல்தான் பூஜைச் சந்தனம் கெட்டியாகக் காய்ந்து, குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. சாமி சமாச்சாரம் என்று சந்தனத்தில் விரல் படாமல், மூடியின் ஓரத்தைப் பிடித்தே காலையிலிருந்து நான் திருகிக்கொண்டிருந்தேன்.

சந்தனத்தைத் துடைக்காமலே எஞ்சினை ஓடவிட்டோம். யாரும் மூடியைத் தொடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, இருமி, நின்றது. அக்காவே போய் மூடியைத் திருகினார். 'ஸ்ஸ்' என்று டேங்க் காற்றை இழுத்தது எல்லோருக்கும் கேட்டது.

ஏதோ எஞ்சின் கோளாறு என்று சொல்லி மறைத்துவிடலாம் என்று நான் வாயெடுத்தேன். அக்கா விடவில்லை. ஆட்கள் பக்கம் திரும்பி, "நான் வெச்ச சந்தனம்டா. என் கையாலயே மூச்ச அடைச்சிட்டேன். இவன் தோளு ஒடஞ்சது என்னாலதான்," என்றார்.  எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

 கட்டுப்போட்ட கையோடு நின்றிருந்தவன்தான் முதலில் சிரித்தான். "மூக்குல சந்தனம் அப்புனா சாமியே எழுந்து ஓடிப்பூடும் அக்கா, எஞ்சின் எந்த மூல?" என்று சொல்லிக்கொண்டே படகில் ஏறினான்.

"ஒத்தக் கைய வெச்சிகினு நீ இன்னாடா பண்ணப்போற?" என்றான் கொழுந்தன்.

"மூடியப் பாத்துகினு குந்தியிருப்பேன். நீ ஓட்டு."

அவன் ஏறியதும் மற்றவர்களும் ஏறினார்கள். மூடியின் சந்தனத்தைச் சுரண்டி, துளையில் குண்டூசி விட்டுப் பார்த்துவிட்டு நானும் ஏறினேன். முகத்துவாரத்தில் அலை படகைத் தூக்கிப் போட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்தது. தாண்டிய பிறகும், வெளிக்கடலில் நெடுந்தூரம் போன பிறகும், திரும்பி முகத்துவாரத்துக்குள் நுழையும்போதும் அப்படியே இருந்தது. கட்டுப்போட்டவன் கரையைப் பார்த்து நல்ல கையைத் தூக்கி ஆட்டினான்.

கரையில் அக்கா மணலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.