கத்தரிக்காய்க்கு இங்கிலீஷ் மருந்து

என் தாய்மாமாவைப் போலக் கத்தரிக்காய்க்கு வைத்தியம் பார்த்தவர் மூலக்குளத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. எனக்கு இருமல் வந்தால் அம்மா வெற்றிலையில் தேனைத் தடவிக் கொடுத்து, "தன்னால போயிரும்" என்பார். மாமாவோ செடியில் ஓர் இலை சுருண்டால் போதும், மொபெட்டை எடுத்துக்கொண்டு வில்லியனூர் ரோட்டுக் கடைக்குப் பறப்பார். திரும்பும்போது கையில் மருந்து பாட்டில் இருக்கும். மருந்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடைக்காரர் வாயில் மருந்து, அத்தை வாயில் மருந்து, பக்கத்துக் கொல்லைக்காரர் வாயிலும் மருந்து. எட்டு வயதில் நான் அந்தச் சொல்லைச் சொன்னபடியே நம்பினேன்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். லீவு விட்டால் என்னை மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த வருஷம் அதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. அம்மா மாசமாக இருந்தார். அதற்கு முன் ஒரு குழந்தை வயிற்றில் தங்காமல் போயிருந்ததால் வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் பார்த்தாலே அம்மாவுக்குக் குமட்டும். விழுங்கிய வேகத்தில் வாந்தி எடுத்துவிடுவார். "மருந்து உள்ள போனாத்தான கொழந்த நல்லா இருக்கும்?" என்று அப்பா கெஞ்சுவார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தம்பியோ தங்கையோ, வருவதற்குள் போய்விடுமோ என்ற பயத்தையும் கட்டிக்கொண்டுதான் அந்த லீவுக்கு மூலக்குளம் போனேன்.

மாமா நிலத்தைச் சுற்றி அப்போதே மனைக்கற்கள் நட ஆரம்பித்திருந்தார்கள். நடுவில் அவருடைய கத்தரித் தோட்டம். மருந்து அடிக்கும் நாளென்றால் வீடே பரபரப்பாகிவிடும். அத்தை கோழிகளைப் பிடித்துக் கூடையைக் கவிழ்ப்பார். அடுத்து என்னைப் பிடித்து மோட்டார் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். மாமா முதுகில் டேங்கை மாட்டி, துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் அப்படித்தான் மூக்கைக் கட்டியிருப்பார். ஆகவே செடியின் நோய் மாமாவுக்கு ஒட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு என்று நானாகவே புரிந்துகொண்டேன். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பார். பிறகு இன்னொரு தடவை குளிப்பார். என்ன சுத்தமான மனிதர்!

கொட்டகைக்குப் பின்னால் இருந்த சின்னப் பாத்திக்கு மட்டும் இந்த மரியாதை எதுவும் கிடையாது. அங்கேயும் கத்தரிதான். அதற்கு அத்தை அடுப்புச் சாம்பலைத் தூவுவார், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பார். வெறும் கைவைத்தியம். காய்களும் அதற்கேற்றபடி கோணல்மாணலாக, ஓட்டையும் சொத்தையுமாக இருந்தன.

"இதுக்கு ஏன் மாமா இங்கிலீஷ் மருந்து அடிக்கல?" என்று கேட்டேன்.

"அது வூட்டுக்கு, பாப்பா."

"அப்போ அந்தப் பக்கம்?"

"அது மார்க்கெட்டுக்கு."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நல்ல மருந்தையெல்லாம் ஊராருக்குக் கொடுத்துவிட்டு, இவர்கள் சொத்தையைத் தின்கிறார்கள்! பெருமையாக இருந்தது. யோசிக்க யோசிக்கக் கோபமும் வந்தது. வாராவாரம் மஞ்சள் பையில் மாமா அம்மாவுக்குக் கொண்டுபோகும் காய் அந்தச் சொத்தைப் பாத்தியில் பறித்ததுதான். மருந்து வேண்டியவர் அம்மா. மருந்தோ யார் யாருக்கோ போகிறது.

லீவு முடிந்து என்னை வீட்டில் விட, மாமா மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகும்போதே அழைத்துப் போனார். மொபெட்டின் பின்னால் கூடை நிறைய முதல்நாள் மருந்து அடித்த காய். முன்னால் நின்ற என் கையில் அம்மாவுக்கான மஞ்சள் பை. பெரிய மார்க்கெட்டில் கூடையை இறக்கியதும், வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரம்மாவிடம் என்னை உட்காரவைத்துவிட்டு மாமா டீ குடிக்கப் போனார். அந்த அம்மா காய்களைத் துணியால் துடைத்து அடுக்கினார். ஒவ்வொன்றும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. நான் என் பையைத் திறந்தேன். ஒரு காயிலிருந்து புழு ஒன்று தலையை நீட்டி என்னைப் பார்த்தது. எனக்குத் தாங்கவில்லை.

"இத வெச்சிக்கினு அத குடுக்கறீங்களா? எங்கம்மாக்கு" என்றேன்.

அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "ஐய, இது மருந்தடிக்காததா?" என்றவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுபேச்சில்லாமல் பளபளப்பான காய்களை அள்ளி என் பையில் போட்டார். என் சொத்தைக் காய்களைக் கடையில் பரப்புவார் என்று பார்த்தால், திரும்பித் தன் சொந்தப் பையில் போட்டுக்கொண்டார். "இது வூட்டுக்கும்மா" என்றார். இவரும் ஒரு தியாகி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா அன்றைக்கே எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்கினார். "இந்த வாட்டி காய் நல்லா வந்துருக்குதே" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமாவும் அம்மாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு அம்மா ஆசையாகச் சோற்றைப் பிசைந்தார். மாமா தன் தட்டிலிருந்த முழுக்காயைப் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை.

"அக்கா, இது ஏது?"

"நீ எடுத்தாந்ததுதான்டா."

அதற்குமேல் என்னால் ரகசியத்தைக் காப்பாற்ற முடியவில்லை. "நாந்தான் மார்க்கெட்ல மாத்திக்கினேன். மருந்து அடிச்ச காய். மாத்திரை போட்டா அம்மாக்கு வாந்தி வருதில்ல? இதுல மருந்து உள்ள போயிருமில்ல?"

அம்மா கை வாய்க்குப் போவதற்குள் மாமா எழுந்து தட்டைப் பிடுங்கினார். அடுப்படிக்குப் போய்ச் சட்டியையும் எடுத்துவந்து வாசல் சாக்கடையில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"டேய், இன்னாடா பண்ற? தெருவே பாக்குது."

"வாணாம்க்கா. அது மார்க்கெட்டுக்கு வெச்சது. நேத்துத்தான் அடிச்சேன்."

என்னை யாரும் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அம்மா ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மாமாவையே பார்த்தார்.

"ஏன்டா, நீ குடுக்கறது ரெண்டு நாளைக்கு வருது. மத்த நாளு நானும் தெருமுனைக் கடையிலதான வாங்கறேன். அவன் எங்கேர்ந்துடா வாங்கியாறான்?"

மாமா காலிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. ஆசை ஆசையாக அடித்த மருந்து சாக்கடையில் போய்விட்டதே என்ற வருத்தம் போலும் என்று நினைத்து, "பரவால்ல மாமா, தோட்டத்துல இன்னும் நெறைய இருக்குதில்ல" என்று தேற்றினேன். அவர் என் தலையைத் தடவ வந்து, பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அடுத்த லீவுக்குப் போனபோது, கொட்டகைக்குப் பின்னால் இருந்த பாத்தி கொட்டகையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரை வந்திருந்தது. சாம்பல் தூவித் தூவி அத்தைக்கு இடுப்பு ஒடிந்தது. பாதிக் காய் சொத்தை. மார்க்கெட்டில் கொண்டுபோய் வைத்தால், வாங்க வருகிறவர்கள் புழுவைப் பார்த்து முகம் சுளித்தார்களாம். கடைக்காரம்மாவும் மூட்டை தூக்குகிறவர்களும்தான் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்களாம். மிச்ச நிலத்தில் மாமா முன்போலவே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அம்மாவிடம் புகார் சொன்னேன். "மாமா முன்ன மாதிரி இல்லம்மா. ஊருக்குக் குடுக்கற மருந்த கொறச்சிக்கினே வரார். கஞ்சனாயிட்டார்."

அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். "இன்னுங் கொஞ்சம் கஞ்சனாவட்டும்டி" என்றார்.

கூடப்பிறந்தவரைப் பற்றி இப்படியும் ஒருவர் பேசுவாரா என்று, எனக்கு மாமாவை நினைத்துப் பாவமாக இருந்தது.