லார்னிட்டில் யாரும் இல்லை

வெர்னா ஓலினிக்கை எங்கள் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. அந்த வகையில் ஒருவருக்கொருவர் பாக்கி இல்லாமல்தான் வாழ்ந்துவந்தோம்.

டீசலும் பெட்ரோலும் ஏற்றிய டேங்கர் லாரி ஓட்டுவது அவள் பிழைப்பு. பண்ணை பண்ணையாகப் போய்த் தொட்டியை நிரப்புவாள். எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது இந்தச் சஸ்காச்சுவன் சமவெளியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த மரியாதை. வெர்னா அந்த ஒரு விரலையும் தூக்க மாட்டாள். புருஷன் பக்கத்து மாகாணமான அல்பெர்ட்டாவின் எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அவன் விட்டுப்போனவற்றில் உருப்படியான ஒரே பொருள் ஒரு கேமரா. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ரயில் நின்றுபோனதும் செத்த ஊர்களையெல்லாம் தேடித் தேடிப் படம் எடுக்க ஆரம்பித்தாள். கூரை இறங்கிய பள்ளிக்கூடம், கதவில்லாத தபால் ஆபீஸ், காலிக் கட்டிலில் உடைந்த பொம்மை, புறா அடைந்த தானியக் கோபுரம். சும்மா சொல்லக்கூடாது, படங்கள் அபாரமாக இருக்கும். பார்த்தால் நெஞ்சில் குளிர் ஏறும். ஒன்றிலும் ஒரு மனித முகம் கிடையாது.

“மனுஷன் வந்தா படம் கெட்டுப்போகுது,” என்பாள்.

லார்னிட்டில் அவளுக்கு ஒரு தொல்லை இருந்தது. ஊர் செத்துவிட்டது, ஆனால் ஒரு ஆள் பாக்கி. நெஸ்டர் சாவ்சுக். எண்பதை நெருங்கிய கிழவர். மனைவி போன பிறகும் மாதா கோயிலுக்கு எதிர்வீட்டில் விறகடுப்பு வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்தார். அவர் வண்டிக்குப் பெட்ரோல் போட வெர்னாதான் போகவேண்டும். போகிற ஒவ்வொரு முறையும் கேமராவையும் எடுத்துப் போவாள். ஒவ்வொரு முறையும் சண்டை.

“ஏம்மா, அந்தப் பக்கம் எதுக்குப் போற? போ வெளிய!”

“யோவ் பெருசு, அது பொது ரோடு. உங்க அப்பன் போட்டதா?”

“ஆமா, எங்க அப்பன் போட்டதுதான். மம்பட்டி புடிச்சுப் போட்டாரு. உங்க அப்பன் அப்ப வேலிமேல உக்காந்து சூரியகாந்தி விதை துப்பிக்கிட்டு இருந்தான்.”

“செத்த ஊருக்கு என்ன வாட்ச்மேன் வேலை?”

“நான் உசுரோட இருக்கேன்ல? அப்புறம் எப்படிடி செத்த ஊரு?”

அதில் வெர்னாவுக்கு இன்னும் எரிச்சல் ஏறும். பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, சிந்த விட்டு, மூடியைப் போடாமலேயே கிளம்பிவிடுவாள்.

போன ஜனவரியில் ஒரு காலை. எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும் என்கிற மாதிரி குளிர். தெரு முழுக்கக் காலடி படாத பனி. கோயிலின் வெங்காயக் குமிழ்க் கோபுரத்தில் இளஞ்சிவப்பு வெளிச்சம். வெர்னா வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த படம் அது. ஆனால் ஓரத்தில் கிழவரின் புகைபோக்கி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதிலிருந்து புகை நேராக, கெட்டியாக, திமிராக மேலே போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் குளிர்காலத்தில் காலையில் எழுந்ததும் முதல் வேலை ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பக்கத்துப் பண்ணையில் புகை வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் ஆள் இருக்கிறார். வராவிட்டால் காபியை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுக்கவேண்டும். ஜென்ம விரோதியாக இருந்தாலும் எடுக்கவேண்டும். வெர்னாவுக்கு இது தெரியாதா? அவள் அப்பா செத்துக் கிடந்ததை அப்படி ஒரு காலையில் கண்டுபிடித்தவரே இந்த நெஸ்டர்தான்.

எல்லாம் தெரிந்தும் வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எடுத்த படத்திலிருந்து அந்தப் புகையை அழித்தாள். கொடியில் விறைத்துக் கிடந்த கிழவரின் கால்சட்டையையும் அழித்தாள். கீழே எழுதினாள்: ‘லார்னிட், ஜனவரி. இங்கே யாரும் இல்லை.’

படம் மாவட்ட நூலகத்தில் மாட்டப்பட்டது. பெரிய நகரத்திலிருந்து ஒரு கண்காட்சிக்காரர் வந்து பார்த்து, வரும் வசந்தத்தில் அவள் படங்களுக்குத் தனியாக ஒரு அறையே தருவதாகச் சொன்னார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: உள்ளது உள்ளபடி எடுத்த படமாக இருக்கவேண்டும். வெர்னா தலையாட்டினாள்.

அக்டோபரில் ஊராட்சிக் கூட்டம். இந்தக் குளிர்காலத்தில் எந்தெந்த சாலைகளில் பனி தள்ளுவது என்று முடிவு செய்யவேண்டும். குளிர்காலத்தில் ஆள் குடியிருந்தால்தான் அந்தச் சாலைக்குப் பனி தள்ளும் வண்டி போகும். போகாவிட்டால் நெஸ்டர் லார்னிட்டில் இருக்க முடியாது, அவ்வளவுதான். விறகு வராது, மருந்து வராது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஆம்புலன்சும் வராது.

தலைவர் டாரில் ஃபேர் வெர்னாவின் படத்தைத் தூக்கிக் காட்டினார். “இது ஜனவரியில எடுத்தது. புகை இருக்கா? கால்தடம் இருக்கா? பெருசு, நீங்க குளிர்காலத்துல டவுன்ல அண்ணன் மகன் வீட்லதான இருக்கீங்க?”

“நான் எங்கயும் போகல டாரில். நீ போன கிறிஸ்துமஸுக்கு வந்து என் வீட்ல பெரோகி கொழுக்கட்டை தின்னியே, வயித்துல இருக்கே, அதைக் கேளு.”

சிரிப்பு எழுந்தது. ஆனால் ஒருவரும் அவருக்காகச் சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை. கிழவர் அங்கேதான் இருக்கிறார் என்று அந்தக் கூடத்தில் நாற்காலிக்குக்கூடத் தெரியும். லார்னிட் சாலையை விட்டுவிட்டால் வண்டி தங்கள் பக்கம் இன்னொரு முறை வருமே என்று அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்!

நெஸ்டர் திரும்பினார். கடைசி வரிசையில் வெர்னா.

“ஏ வெர்னா. அன்னிக்கு எனக்குப் பெட்ரோல் போட வந்தப்பத்தான இந்தப் படத்த எடுத்த? புகை இருந்துச்சா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு.”

சொன்னால் கிழவருக்குச் சாலை. சொன்னால் வெர்னாவுக்கு அறை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் அவள் செய்ததைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அதை இந்தக் கிழவருக்காக விடுவதா? தன்னைப் பார்த்தபோதெல்லாம் நாயை விரட்டுவதுபோல் விரட்டிய ஆளுக்காகவா?

“படத்துல என்ன இருக்கோ அதுதான்,” என்றாள்.

கைகள் உயர்ந்தன. லார்னிட் சாலை பட்டியலிலிருந்து போனது. நெஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நவம்பரில் முதல் பனி விழுந்த மறுநாள் அவரிடமிருந்து போன். ஒரு கேன் டீசல் வேண்டுமாம். கேமராவையும் எடுத்து வரச் சொன்னார். வெர்னா இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் அண்ணன் மகனின் வண்டி நின்றது. பின்னால் இரண்டு பெட்டி, ஒரு நாற்காலி, மனைவியின் படம். நெஸ்டர் அவள் கையிலிருந்து கேனை வாங்கினார், நேரே உள்ளே போனார். எங்கள் பக்கத்தில் கைவிட்ட வீட்டைப் பனி விழுந்த பிறகுதான் கொளுத்துவார்கள், புல்லுக்குத் தீ பரவாது என்று. வெர்னாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“யோவ்! என்ன பண்ற? பைத்தியமா?”

“என் வீடு. கொளுத்துறேன். நான் போனப்புறம் நீ வந்து என் கட்டில்ல ஒடஞ்ச பொம்மைய வெச்சுப் படம் புடிக்கறதுக்கா விட்டுட்டுப் போகச் சொல்ற?”

டீசலை ஊற்றிப் பற்றவைத்துவிட்டு வெளியே வந்தார். தீ ஜன்னலுக்கு வர வெகுநேரம் ஆகவில்லை. காய்ந்த பலகை, பட்பட்டென்று வெடித்தது. பழக்கதோஷத்தில் வெர்னாவின் கை கேமராவைத் தூக்கிவிட்டது. கட்டத்துக்குள் எரியும் வீடு, பின்னால் கோயில், அதற்கும் பின்னால் வெள்ளை வெளி. சரியாக நடுவில் நெஸ்டர் வந்து நின்றுகொண்டார்.

“நகரு பெருசு.”

“மாட்டேன்.”

“அனல் அடிக்குது, நகரு!”

“எடுக்கறதா இருந்தா என்னோட சேத்து எடு. இல்லாட்டி மூடி வை.”

அவள் கேமராவை இறக்கவில்லை. அவர் நகரவில்லை. அவருடைய கோட்டு முதுகில் ஆவி கிளம்பியது. கண்ணில் நீர் வழிந்தது, புகையாலா வேறெதனாலா தெரியவில்லை. கூரை மளமளவென்று உள்ளே இறங்கியது. வெர்னாவின் விரல் பொத்தானில் இருந்தது, அழுத்தவே இல்லை. என்ன வீம்போ, என்ன வெட்கமோ, அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

“அன்னிக்குப் புகை இருந்துச்சு,” என்றாள் கடைசியில்.

“எனக்குத் தெரியும்டி. என்கிட்ட எதுக்குச் சொல்ற?” நெஸ்டர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். “யாரும் இல்லன்னு எழுதினியே, இப்ப அது நெசம். போய்ச் சந்தோஷமா மாட்டு.”

வண்டி பனியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு பெரிய சாலையில் ஏறி மறைந்தது. தெரு முழுக்க இப்போது வெர்னாவுக்குத்தான். எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், எந்தக் கோணத்திலும் எடுக்கலாம். சாம்பல் கைகளில் வந்து படிய, இருட்டும்வரை அங்கேயே நின்றாள். போ வெளியே என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை.