வால்டர் டிங்வால் செய்த சத்தியம்

என் தங்கை இசபெல்லின் புருஷன் வால்டர் டிங்வால் மாதிரி ஒரு பிடிவாதக்காரன் எங்கள் சீமையிலேயே கிடையாது. இன்வர்கெல்டி பிரபுவின் பண்ணையில் மேற்பார்வை, தேவாலயத்தில் மூப்பர். பொய் சொல்ல அவனுக்கு வாயே வராது.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. நிலவுரிமை உள்ளவனுக்குத்தான் ஓட்டு. பிரபு என்ன செய்தார்? ஒரு மொட்டைக் குன்றை வால்டர் பேருக்கு எழுதிவைத்தார், பத்திரத்தில் மட்டும். குன்றில் மேயும் ஆடெல்லாம் அவருடையது. தன் வேட்பாளருக்கு ஓட்டுச் சேர்க்க எல்லாப் பிரபுக்களும் செய்யும் தில்லுமுல்லுதான்!

ஓட்டெடுப்பு நடந்த நீதிமன்றக் கூடத்தில் இரு தரப்பும் சரிசமம். வால்டரின் ஓட்டு ஒன்றுதான் பாக்கி. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தான்.

"அந்தக் குன்னு நெசமாவே தன்னோடதுதான், யாருக்கும் பினாமி இல்லன்னு கையத் தூக்கி சத்தியம் பண்ணட்டும்!"

பொய்ச் சத்தியம் செய்தால் நரகம் என்று நம்புகிறவன் வால்டர். மறுத்தால் பிரபு கொடுத்த பண்ணை வீடு போய்விடும். இசபெல்லுக்கோ நிறைமாதம்.

பிரபு அவன் காதருகே பல்லைக் கடித்தார். "என்னய்யா மரமாட்டம் நிக்கிற? கையத் தூக்கு. இல்ல, இன்னிக்கே உன் பொண்டாட்டி சட்டிபானையோட தெருவுல!"

நான் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "மாப்ளே, சொல்லித் தொலையேன்!"

அவன் முகமெல்லாம் வியர்வை. பிரபுவைப் பார்த்துக் கேட்டான்: "ஐயா, அந்தக் குன்னு எனக்குத்தானா? எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லுங்க."

"உனக்குத்தான்யா! முழுசா உனக்குத்தான்!"

வால்டர் வலக்கையைத் தூக்கி, ஓர் எழுத்துப் பிசகாமல் சத்தியம் செய்தான். பிரபுவுக்கு வாயெல்லாம் பல். யாருக்கு ஓட்டு என்று குமாஸ்தா கேட்டதும், வால்டர் எதிர்த்தரப்பு வேட்பாளரின் பெயரைச் சொன்னான்.

"துரோகி! என் உப்பத் தின்னுட்டு..." பிரபு பாய்ந்தார்.

"குன்னு என்னுதுன்னா ஓட்டும் என்னுதுதானே, ஐயா? நீங்க சொன்ன ஆளுக்குப் போட்டா, என் சத்தியம் பொய்யாயிடுமே."

எனக்கு ஒரு பக்கம் பெருமை, மறுபக்கம் அவனை அறையலாம் போல ஆத்திரம்.

சாயங்காலமே பிரபுவின் ஆட்கள் சாமான்களை வெளியே வீசினார்கள். கொட்டும் மழையில் என் வண்டியில் ஏற்றினோம். இசபெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சத்தியம் பண்றப்ப என்னைய நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"நெனச்சுமா?"

கூடத்தில் அத்தனை பேர் முன்னால் பேசியவன், குனிந்து மழையில் கிடந்த சட்டிபானையைப் பொறுக்கினான். நான்தான் அவளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தேன்.